முஸ்தாக் தெரிந்தெடுத்த தோட்டா

கல்முனைக்குடியில் முஸ்தாக்கின் இறைச்சிக் கடைக்கு நேரெதிரே என் போன் திருத்தும் கடை இருக்கிறது. அதனால் அவனைப் பற்றி ஊர் கதைப்பதெல்லாம் என் காதிலும் விழும். யாராவது எருமைக்கடாவை அறுக்கக் கொண்டுவந்தால் முஸ்தாக் வாங்கமாட்டான், வேறு கடைக்கு அனுப்பிவிடுவான். எருமைக்குப் பயந்து வெளிநாட்டு வேலையையே விட்டுவிட்டு ஓடிவந்தவன் என்று சொல்லிச் சிரிப்பார்கள். என் முன்னால் அப்படிச் சிரித்த ஒருவரோடு நான் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நடந்தது எனக்குத் தெரியும்.

முஸ்தாக் வளைகுடாவில் ஒரு பணக்கார அறபியின் வீட்டில் சமையற்காரனாக இருந்தான். அந்த முதலாளிக்கு வேட்டைப் பித்து. வருடா வருடம் அனுமதி எடுத்து, பெரிய ரைபிள்களோடு தன்சானியாக் காட்டுக்குப் போவார். வெடி பட்டு விழுந்த மிருகத்தில் உயிர் இருக்கும்போதே அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லிக் கழுத்தை அறுக்க வேண்டும். அப்படி அறுத்தால்தான் அவர் வாயில் வைப்பார். அவருக்கோ வயது போய்விட்டது, முழங்காலும் சரியில்லை. கத்தியோடு ஓடுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று முஸ்தாக்கைக் கூட்டிப்போனார்.

ஆரம்பத்தில் அவன் ஓடிப்போய்ச் சேருமுன் மான்கள் செத்துக் கிடந்தன. முதலாளி முகத்தைச் சுளித்தார். முஸ்தாக் இறைச்சிக் கடைக்காரனின் மகன். செத்த மானொன்றை வெட்டித் திறந்து பார்த்தான், காரணம் விளங்கிவிட்டது. முதலாளி போட்டது மேக்னம் தோட்டா, அதாவது வெடிமருந்து கூடுதலாக அடைத்தது. அதன் குண்டுக்கு மூக்கில் ஈயம். உள்ளே போனதும் அது பூப்போல விரிந்து நெஞ்சுக்குள் இருப்பதையெல்லாம் கூழாக்கிவிடும். பெட்டியில் இன்னொரு வகையும் இருந்தது. முழுக்கப் பித்தளைக் குண்டு, விரியாது, ஒரு துளை போட்டு அப்படியே மறுபக்கம் போய்விடும். அதைப் போட்டால் மிருகம் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் உயிர் கிடக்கும். முஸ்தாக் இதைச் சொன்னான், முதலாளி செய்து பார்த்தார், மான் உயிரோடு கிடந்தது.

அதன் பிறகு அவனுக்கு ஒரே மரியாதை. காலையில் முதலாளி இரண்டு வகைத் தோட்டாக்களையும் மேசையில் வைத்து எது என்று அவனைத்தான் கேட்பார். முஸ்தாக் அன்றைக்கே தன் மனைவி ஹாஜறாவுக்குப் போன் எடுத்து, "இனி தோட்டா தெரிஞ்செடுக்கிறதும் நான்தான்" என்று பெருமையடித்தான். ஹாஜறா அதைத் தெருவெல்லாம் சொன்னாள். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு காட்டெருமைக்குப் போனார்கள். அங்கே தடம் பார்த்துக் கூட்டிப்போகிறவனுக்கு ஜுமா என்று பெயர். அவன் மேசையில் கிடந்த ஈய மூக்குத் தோட்டாவைத் தொட்டுக் காட்டினான். எருமை முதல் வெடியிலேயே சாய வேண்டும், சாயாவிட்டால் அது நம்மைத் தேடி வரும் என்று தனக்குத் தெரிந்த அறபு மொழியில் சொன்னான். முஸ்தாக் கேட்டானா? எங்கள் ஊர்க்காரன் எருமைத் தயிர் தின்று வளர்ந்தவன். சொறிக்கல்முனை வயலில் எருமை சேற்றில் படுத்திருக்கும், முதுகில் கொக்கு நிற்கும், ஒரு தட்டுத் தட்டினால் எழும்பிப் போய்விடும். அவன் அறிந்த எருமை அதுதான். பித்தளையை எடுத்து முதலாளியின் கையில் கொடுத்தான்.

இனி நடந்ததை அவன் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

"வெடி சரியாப் பட்டிச்சு மச்சான். ஆனா எருமை விழல்ல. பத்தைக் காட்டுக்குள்ள பூந்திட்டு. றூஹு போகுமுன்ன, உசிரோட புடிக்கணுமெண்டு நான் கத்தியோட முன்னுக்கு ஓடினன். அது பத்தைக்குள்ள நிண்டு எங்களத்தான் பாத்துக்கிட்டு இரிந்திருக்கி. ஜுமா என்னத் தள்ளிவிட்டான். எனக்கு வந்த கொம்பு அவன்ட தொடையில ஏறிச்சு."

துப்பாக்கியோடு கூட வந்த வேட்டைக் கம்பனி ஆள் இன்னும் வெடி வைத்து எருமையைச் சாய்த்தான். அது விழுந்தும் உயிர் போகவில்லை. முதலாளி தூரத்தில் நின்று அறு, அறு என்று கத்தினார். முஸ்தாக் ஒரு பக்கம் ஜுமாவையும் மறுபக்கம் எருமையையும் பார்த்தான். பிறகு எருமையிடம் போய் அறுத்தான். அது அவன் வேலை. திரும்பி வந்தபோது ஜுமாவின் தொடையை அவனுடைய ஆட்கள் சட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளி முஸ்தாக்கின் முதுகில் தட்டி, நல்ல தோட்டா தெரிந்தெடுத்தாய் என்றார்.

அனுமதியில் இன்னும் ஓர் எருமை மிச்சம் இருந்தது. ஜுமாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அவனுடைய தம்பியைத் தடம் பார்க்க வைத்தார்கள். காலையில் முதலாளி வழக்கம்போல இரண்டையும் மேசையில் வைத்தார். முஸ்தாக் ஈய மூக்கை எடுத்துக் கொடுத்தான்.

"இதப் போட்டா நீ போகுமுன்ன மௌத்தாகிடுமே எண்டாரு. ஓம், செத்துடும் எண்டன். அப்ப இறைச்சி? இறைச்சி இல்ல எண்டன். அப்ப நீ என்னத்துக்கு எண்டு கேட்டாரு. அந்தப் பொடியன் தடம் பாக்க முன்னுக்கு வந்து நிக்கிறான் மச்சான். தமையன்ட முகமேதான்."

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. அந்தத் தோட்டாவையே போட்டார். எருமை நின்ற இடத்திலேயே செத்து விழுந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை, அறுக்கவும் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த வருடம் அவனுடைய வேலை ஒப்பந்தத்தை அவர் புதுப்பிக்கவில்லை.

முஸ்தாக் ஊருக்கு வந்து வாப்பாவின் பழைய இறைச்சிக் கடையைத் திறந்தான். வெளிநாட்டுக் கதை கேட்டால் வேலை முடிந்தது என்பதோடு நிறுத்திவிடுவான். ஹாஜறாவிடம்கூட முழுக்கச் சொன்னானோ தெரியாது. பெருநாளன்று மட்டும் ஜுமாவின் குரல் செய்தி வரும். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது, முஸ்தாக் என்ற பெயர் மட்டும் கேட்கும். ஜுமா நொண்டி நொண்டித்தான் நடக்கிறானாம்.

ஒரு நாள் கடையில் சனம் இல்லாத நேரம் பார்த்து நான் கேட்டேன்.

"ஒரு தோட்டாவால நல்ல வேலை போயிட்டே மச்சான். கவலை இல்லையா?"

"கவலை அது இல்ல" என்றான். "மொத எருமைய நான்தான் அறுத்தன். றூஹு இரிந்திச்சு, பிஸ்மி சொன்னன், ஒரு குறையும் இல்ல. அசல் ஹலால். எல்லாரும் சுட்டுத் திண்டாங்க. எனக்கு மட்டும் தொண்டையால எறங்கல்ல."

அப்போது ஒருவர் எருமைக்கடா ஒன்றை லொறியில் கொண்டுவந்து கடைக்கு முன் நிறுத்தினார். முஸ்தாக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய், பக்கத்துத் தெருக் கடையைக் காட்டிவிட்டு வந்தான்.