பக்கம் மாற்றிக் கட்டிய நாவல்

போன வாரம் ஒரு வாசகர் போன் செய்தார். முன்னும் பின்னுமாகக் கதை சொல்கிற நாவல் ஒன்றைப் படித்துத் தலை சுற்றிப்போனாராம். கடைசியில் கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை போட்டு, அத்தியாயங்களை வருஷவாரியாக அடுக்கிப் படித்தாராம்.

“இப்பத்தான் சார் புரிஞ்சுது!” என்றார் பெருமையாக.

எனக்குப் பகீரென்றது. அதே வேலையை எண்பதுகளில் நானும் செய்திருக்கிறேன். கம்ப்யூட்டர் இல்லாமல்... ஊசியும் நூலும் வைத்து.

அப்போது நான் அபுதாபிப் பக்கம் ருவைஸில், ரிஃபைனரி வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கேம்பில் தமிழ்ப் புத்தகம் படிக்கிறவர்கள் பதினைந்து பேர் இருந்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரியாணி முடிந்ததும் மெஸ்ஸிலேயே உட்கார்ந்து, படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். பேசுவோம் என்றால், கத்துவோம்.

ஊர்ப் பத்திரிகைகளில் அந்த வருஷம் ஒரு நாவலுக்காக அடிதடி நடந்துகொண்டிருந்தது. ஒரு கோஷ்டி உலகத் தரம் என்றது. இன்னொரு கோஷ்டி கொளுத்தச் சொன்னது. இரண்டு கோஷ்டியிலும் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

எங்கள் கேம்பில் அந்த நாவலை வைத்திருந்தவர் சிவபாலன். யாழ்ப்பாணத்துக்காரர், டைம் ஆபீஸ் கிளார்க். படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தச் சமயத்தில் அவரோடு யாருமே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஊரில் ஷெல் விழுந்து அவருடைய தம்பி இறந்துவிட்டதாக அக்காவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அதற்குப் பத்து நாள் கழித்து, மனிதர் ஆபீஸில் ஏதோ ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை மூன்று பேர் பார்த்துவிட்டார்கள்.

போதாதா? அன்றிலிருந்து மெஸ்ஸில் அவர் வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஏன் சிரித்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

நாவலுக்கு வருகிறேன். ஒரு லாரி டிரைவரின் கதை. முதல் பக்கத்திலேயே அவன் விபத்தில் செத்துப்போகிறான். நடுவில் கல்யாணம், பிறகு பத்து வயது, பிறகு பிணம் வீட்டுக்கு வருவது... எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நானோ வரிசை தப்பினால் தூக்கம் வராத ஜென்மம். என் மனைவியின் கடிதங்களுக்கே நம்பர் போடச் சொல்லியிருந்தேன். பதினான்கு வருவதற்கு முன் பதினைந்து வந்துவிட்டால், பிரிக்காமல் பெட்டிக்குள் வைத்துவிடுவேன்!

புத்தகமோ ஒன்று. ஆட்கள் பதினைந்து பேர், ஷிஃப்ட் இரண்டு. ஆகவே சிவபாலனைக்கூடக் கேட்காமல் பைண்டிங்கைப் பிரித்தேன். ஒவ்வோர் அத்தியாயமும் புதுத் தாளில் தொடங்கியிருந்தது வசதியாகப் போயிற்று. பிறப்பிலிருந்து சாவு வரை ஒழுங்காக அடுக்கி, எட்டுப் பாகமாகத் தைத்து, மார்க்கரில் நம்பர் போட்டு விநியோகித்தேன். ஆசிரியருக்கே நான் ஏதோ உபகாரம் செய்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் கொதித்துப்போய் வந்தார்கள். கடைசிப் பாகத்தில், மகனின் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மாக்காரி சிரிக்கிறாள்.

“பெத்தவ சிரிப்பாளாங்க? இதெல்லாம் ஒரு புக்கு! கலாஸ், முடிஞ்சுது, குப்பையில போடுங்க,” என்றார் முருகேசன். புதுக்கோட்டைக்காரர், சாரம் கட்டுகிற ஃபோர்மேன். சொல்லிவிட்டு ஓரத்தில் இருந்த சிவபாலனை ஒரு பார்வை பார்த்தார். “சில பேரு சிரிப்பாங்க போல.”

சிவபாலன் எழுந்து வந்தார். எட்டாம் பாகத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணை, நான் வாசிச்ச புத்தகம் இதில்லை.”

“அதேதான் சார். வரிசையா அடுக்கியிருக்கேன்,” என்றேன்.

“பத்து வயசிலை அவன் செருப்பை இடம் வலம் மாத்திப் போட்டுக்கொண்டு, செருப்புத்தான் பிழை எண்டு தாயோடை சண்டை பிடிப்பான். அதுக்கு அடுத்த தாளிலைதான் பிரேதம் வரும். ஆரோ அவன்ரை செருப்பைக் கொண்டுவந்து இடம் வலம் மாத்தி வைப்பினம். அதைப் பாத்துத்தான் தாய் சிரிப்பாள். நீங்கள் ரெண்டுக்கும் நடுவிலை நூற்றைம்பது பக்கத்தை வச்சுத் தைச்சுப்போட்டியள்.”

செருப்புக் கதை இரண்டாம் பாகத்தில் இருந்தது. அதைப் படித்த ஞாபகம்கூட அங்கே யாருக்கும் இல்லை.

“நான் சிரிச்சதும் உப்பிடித்தான்,” என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். “அக்கான்ரை கடிதம் முதல் வந்திட்டுது. அதுக்கு முதலே தம்பி போட்ட கடிதம் வழியிலை எங்கேயோ கிடந்து பத்து நாள் பிந்தி வந்தது. இதுதான்.”

வாசித்தார். “அண்ணா, நீங்கள் அனுப்பின சிவப்பு சேட் நல்லாயிருக்கு. ஆனால் போட்டுக்கொண்டு போனால் பக்கத்து வீட்டு மாடு கலைச்சுக்கொண்டு வருது. அடுத்த முறை வேறை நிறத்திலை அனுப்புங்கோ. இல்லாட்டி மாட்டுக்கும் ஒண்டு அனுப்புங்கோ.”

கடிதத்தை மடித்தார். “சிரிக்காமல் என்ன செய்யிறது? சிரிச்சு முடியத்தான், அவன் இல்லை எண்டது திரும்ப ஞாபகம் வந்தது.”

எனக்கு வெட்கமாக இருந்தது. வளைகுடாவில் கிடந்த எங்களுக்கு எந்தச் சேதி வரிசையாக வந்தது? குழந்தைக்குப் பெயர் வைத்த கடிதம் முதலில் வரும். பிறந்த சேதி பின்னால் வரும். அப்படி வாழ்ந்துகொண்டே, ஒரு நாவல் அப்படி இருந்தால் மட்டும் புரியவில்லை என்று குதித்திருக்கிறோம்.

அன்று சாயங்காலமே நூலை அறுத்து, சிவபாலனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழையபடி தைத்தேன். ஆனால் அது பிற்பாடு. மெஸ்ஸில் அதற்கு முன் நடந்ததைத்தான் கடைசியில் சொல்ல வேண்டும்.

முருகேசன் தரையைப் பார்த்தபடி இருந்தார். தோள் லேசாக ஆடியது. அழுகிறாரோ என்று நினைத்தேன்.

“மாட்டுக்கு ஒரு சட்டை அனுப்பச் சொன்னானா... அந்தப் பய?” என்று கேட்டார். அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. அவரைப் பார்த்து இன்னொருவர், பிறகு நான், பிறகு சிவபாலன்.

யாருமே பார்த்திராத ஒரு பையன், செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் அண்ணனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அத்தனை பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.