நிறுத்தக் கூடாத அடி

நான் ராக் பேண்டில் பம்பை அடிப்பவன். இடுப்பில் கட்டும் அந்த இரட்டை மேளத்தை வீராம்பட்டினம் அம்மன் கோயிலில் அடித்துப் பழகினேன். இப்போது வேனில் ஏறி பெங்களூரு, கொச்சி, கோவை என்று சுற்றுகிறேன். வருஷத்தில் பாதி நாள் சோறு நெடுஞ்சாலை ஓட்டலில்தான். எங்கள் பாட்டு ஒன்றில் அம்மனை அழைக்கும் அடியை நுழைத்ததும் நான்தான். எவன் கேட்டான்? கைதட்டல் ஆசை.

மேடையில் எங்கள் எல்லார் காதிலும் லேப்டாப்பிலிருந்து டிக் டிக் என்று தாளக் கணக்கு ஓடும். அதைவிட்டு யாரும் விலகக் கூடாது. அழைப்பு அடி உச்சத்துக்குப் போனதும் மொத்த இசையும் சட்டென்று நிற்கும். எட்டு எண்ணிக்கை அமைதி, பிறகு கிட்டார் அலறும். கோயிலில் இப்படிச் செய்தால் தோலை உரித்துவிடுவார்கள். வந்த சாமி மலையேறி ஆள் தெளியும்வரை அடியை மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஆள் அப்படியே சாய்ந்துவிடும். ஆனால் வெளியூர்களில் யாருக்கும் சாமி வரவில்லை. போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் புதுச்சேரியில், சாரம் பக்கம் ஒரு மைதானத்தில், சாயங்கால நிகழ்ச்சி என்றபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. "டேய், நம்மூர்ல வாசிக்கிற, நான் வராம இருப்பனா?" என்று அக்கா கிளம்பிவிட்டாள். அவளுக்கு ஏழு மாசம். பன்னிரண்டு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. மாடிப்படிகூட ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலியார்பேட்டையிலிருந்து ஆட்டோவை ஊர்ந்துபோகச் சொல்லி அழைத்துவந்து, முன்வரிசையில் உட்காரவைத்தார் மாமா.

அழைப்பு அடி தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அக்காவின் தலை ஆட ஆரம்பித்தது. சின்ன வயசில் இதே அடிக்குத்தான் அவளுக்குச் சாமி வரும். கல்யாணத்துக்குப் பிறகு வரவேயில்லை, நானும் மறந்து தொலைத்தேன். முண்டம்! அவள் எழுந்துவிட்டாள். கொண்டை அவிழ்ந்தது. மாமா தோளைப் பிடித்தும் நிற்கவில்லை.

கிட்டார்க்காரன் சென்னையில் வளர்ந்தவன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "செம மச்சி! அந்தக்கா ஆடுறாங்க பாரு!" என்று சிரித்துக்கொண்டே, சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கை காட்டினான். காதுக்குள் டிக் டிக். எல்லாம் நிற்பதற்கு இன்னும் பதினாறு எண்ணிக்கைதான் இருந்தது.

அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரம்மா மேடையைப் பார்த்துக் கத்தினார். "யப்பா பம்பக்காரா! அடிய உட்றாத! வாயும் வயிறுமா இருக்குது!"

காதில் இருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேடையிலிருந்து குதித்தேன். பின்னால் எல்லாம் சட்டென்று நின்றது. என் பம்பையை மட்டும் நான் விடவில்லை. அக்காவுக்கு எதிரே நின்று அடித்தேன், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். எட்டு எண்ணி முடித்த கிட்டார் மேடையில் அலறியது. "நிறுத்துடா நாயே!" என்று நான் போட்ட சத்தம் மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்டது. மீன்காரம்மா ஜூஸ் வண்டிக்கு ஓடி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து அக்கா கையில் அழுத்தினார். "தாயே, புள்ளத்தாச்சி ஒடம்பு தாங்காது. மலையேறிடும்மா."

அக்கா மாமாவின் மேல் சரிந்தாள். கண்ணைத் திறந்ததும் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அசையாமல் இருந்தாள். நாங்கள் அவள் முகத்தையே பார்த்தோம்.

"ஒதைக்குது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏன்டா அழுவுற?" என்றாள்.

மறுநாள் வேனில் கிட்டார்க்காரன், "நீ குதிச்சு அடிச்சியே, அத எல்லா ஊர்லயும் வச்சா அள்ளும்டா" என்றான். பளாரென்று ஒன்று விட்டிருப்பேன். "இனிமே அந்த அடி கெடையாது. வேணும்னா வேற ஆளப் பாத்துக்க" என்றேன்.

பாட்டு இன்னும் இருக்கிறது. அந்த இடம் வந்தால் நான் கையை எடுத்துவிடுவேன். காதில் டிக் டிக் மட்டும் ஓடும். எந்த ஊராக இருந்தாலும் முன்வரிசையில் பிள்ளைத்தாச்சி யாராவது இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன்.