அம்பத்தூரில் வரைந்த ஜப்பானிய ஆஸ்பத்திரி

போன வருடம் ஆபீஸ் வேலையாக ஜப்பான் போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு சின்னத் துறைமுக ஊரில் அலைந்தேன். ‘மழை நின்ற துறைமுகம்’ என்ற விளையாட்டில் வரும் ஆஸ்பத்திரி அறையைத் தேடித்தான். அது விஷுவல் நாவல் வகை. திரையில் ஒரு படம், கீழே வசனம். கதையைப் படித்துக்கொண்டே போக வேண்டும். அந்த அறையில்தான் கதாநாயகியின் அம்மா சாகிறாள். கட்டில் மேல் அவ்வளவு வெயில் விழுந்திருக்கும். அதைப் பார்த்து அழாதவர்கள் எனக்குத் தெரிந்து யாருமில்லை. நான் ஜப்பானிய மொழி கற்றதே இந்த மாதிரி விளையாட்டுகளுக்காகத்தான். அதுவே இன்று சோறு போடுகிறது. அறை மட்டும் கிடைக்கவில்லை.

அந்த விளையாட்டைச் செய்தது நாலு நண்பர்கள் சேர்ந்த நிறுவனம். சைக்கிள் கடை மாடியில் தொடங்கினார்கள். முதல் விளையாட்டை ரசிகர்கள் கூடும் சந்தையில் தாங்களே கையால் விற்றார்கள். இரண்டாவதுக்குப் பெயர் கிடைத்தது. மூன்றாவதுதான் இது. அது வெளிவந்த கையோடு எழுதியவரும் இயக்கியவரும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். கடைசியில் ஒரு மொபைல் விளையாட்டு கம்பெனி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. நிறுவனத்தை மூடும்போது இயக்குநர் எழுதிய குறிப்பு இரண்டு மாதம் முன்புதான் என் கண்ணில் பட்டது. பின்னணிப் படங்களை இந்தியாவில், சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வரைந்ததாம்.

நான் குடியிருப்பது திருநின்றவூரில். அம்பத்தூர் ஏழாவது ஸ்டேஷன்.

சனிக்கிழமை காலை 9.10 ரயிலில் கிளம்பினேன். தொழிற்பேட்டைக்கு அம்பத்தூரைவிட அடுத்த ஸ்டேஷனான பட்டரவாக்கம்தான் வசதி. டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து ஆட்டோ எண்பது. குறிப்பில் இருந்த கம்பெனி பெயரைச் சொன்னதும் டிரைவர் சிரித்தார்.

“பொம்மை வரையற கம்பெனியா? அதை மூடி எவ்ளோ நாளாச்சுக்கா. இப்ப அங்க துணி குடோன் கீது.”

குடோன்தான் இருந்தது. அதே முதலாளி இப்போது ஃப்ளாட் கட்டி விற்கிறார், ஆபீஸ் சென்னீர்குப்பத்தில் என்று வாட்ச்மேன் சொன்னார். பூந்தமல்லி பஸ் பிடித்தேன். பெண்களுக்கு இலவசம். மெட்ரோ வேலையில் சிக்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

வரவேற்பில் விசாரித்தபோது உள்ளேயிருந்து நாற்பது வயதுப் பெண் ஒருவர் வெளியே வந்தார். விளம்பரத்துக்கு ஃப்ளாட் படம் வரைவது அவர் வேலை. ஜப்பான் வேலை பார்த்தவர்களில் இங்கே மிச்சம் தான் ஒருத்திதான் என்றார். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து டீக்கடைக்கு வந்தார். லேப்டாப்பைத் திறந்து விளையாட்டை ஓடவிட்டேன். அவர் அதை அதுவரை பார்த்ததே இல்லை. எந்தப் படம் எதற்கு என்று யாரும் சொன்னதில்லையாம். வரைந்து அனுப்பியதோடு சரி.

ஆஸ்பத்திரி அறை வந்ததும் கிளாஸைக் கீழே வைத்தார்.

“இது எங்கப்பா இருந்த வார்டு. இங்க பாடிப் பக்கம் ஃபேக்டரி வேலை, கையில அடிபட்டுப் படுத்திருந்தாரு. காலையில ஜன்னல் வழியா இப்படித்தான் வெயில் உழும். அவங்க இருட்டாத்தான் கேட்டிருந்தாங்க. நான் இதை அனுப்பினேன், ஒண்ணும் சொல்லல.” திரையைப் பார்த்தபடியே, “இங்க என்ன நடக்குது?” என்றார்.

சொன்னேன். “தெரிஞ்சிருந்தா இவ்ளோ வெயில் போட்டிருக்க மாட்டேன்,” என்றார். அந்த வெயிலுக்காகத்தான் நாங்கள் அழுதோம் என்றேன். நம்பினாரா தெரியவில்லை.

பிறகு முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலைக் கேட்டார். ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் பெயர் வரவில்லை, அம்பத்தூர் கம்பெனி பெயரும் வரவில்லை. வாசிக்கிற வேகத்தில் ஜப்பான் ஆபீஸில் வளர்த்த பூனையின் பெயரையும் வாசித்துவிட்டேன்.

“பூனைக்கு இருக்குதா,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

இந்த வருடம் புதிய பதிப்பு வந்திருப்பதையும், பின்னணி முழுவதையும் மாற்றிவிட்டதையும் மறைக்க மனம் வரவில்லை. அந்த அறை என்ன ஆச்சு என்று கேட்டார். இப்போது மங்கலாக, நீலமாக இருக்கிறது என்றேன்.

“அவங்க மொதல்ல கேட்டதே அதான்.”

அவர் பெயரைப் போட்டு எழுதப்போகிறேன் என்றேன். உலகத்தில் ஒரு இடத்திலாவது இருக்கட்டும் என்ற எண்ணம். வேகமாகத் தலையாட்டி மறுத்தார். “வேணாம்மா. வரைஞ்சதை நம்மளுதுன்னு எங்கயும் சொல்லக்கூடாதுன்னு அப்பவே கையெழுத்து வாங்கிட்டாங்க. முதலாளியும் அதே ஆளு. எங்க ஊட்ல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன்.” டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பினார்.

அவர் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகே இதைப் போடுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இதே மாதிரி கிளம்ப நினைப்பவர்களுக்கு: கிளம்பாதீர்கள். பட்டரவாக்கத்தில் துணி மூட்டைதான் இருக்கிறது. சென்னீர்குப்பத்தில் நாலு பேர் போய் விசாரித்தால் அவருக்குத்தான் தொந்தரவு. ஜப்பானில் அந்த ஊருக்கும் ரயில் செலவு செய்யாதீர்கள். பழைய பதிப்பு இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். புதியதை வாங்கியவர்கள், ஆஸ்பத்திரிக் காட்சியில் ஏன் அழுகையே வரவில்லை என்று என்னிடம் வந்து கேட்காதீர்கள்.