கோலத்தோடு போன கடைசிப் பக்கம்

ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த அன்று, தமிழ் சார் லீவுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஏதாவது ஒரு கதைப் புத்தகத்தை முழுதாகப் படித்து, கதைச் சுருக்கம் எழுதி, பள்ளி திறக்கும்போது கொண்டுவர வேண்டும். "முடிவை எழுதாம வந்தா நீ படிக்கலைன்னு அர்த்தம்" என்றார். லீவு என்றால் லீவுதான் என்று நம்பிக்கொண்டிருந்த அப்பாவிகள் நாங்கள். வகுப்பே முனகியது.

எங்கள் வீட்டில் புத்தகம் என்று இருந்தவை அம்மாவின் பைண்டுகள்தான். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைப் பிரித்தெடுத்துச் சேர்த்து வைப்பாள். கதை முடிந்ததும் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் கொடுத்து, காலிகோ அட்டை போட்டு வாங்கி வருவாள். எங்கள் சிட்லபாக்கத்தில் அப்போது பல வீடுகளில் இந்தப் பழக்கம் இருந்தது. பக்க எண் பதினாறிலிருந்து நாற்பதுக்குத் தாவும். நடுவில் கூந்தல் தைல விளம்பரம் வரும். ஜோக்கில் பாதி இருக்கும், சிரிக்க வேண்டிய பாதி வேறெங்கோ போயிருக்கும். இதையெல்லாம் புத்தகம் என்று ஒப்புக்கொள்வாரா என்று சாரிடம் அன்றைக்கே கேட்டிருந்தேன். கதை முழுசாக இருந்தால் போதும் என்றார்.

அம்மாவே ஒரு பைண்டை எடுத்துக் கொடுத்தாள். மதுரையில் ஒரு பெண், புருஷன் இல்லாதவள், தன் மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு பம்பாய்க்கு வேலைக்குப் போகிறாள். மகள் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் ஒவ்வொரு வாரமும் தபால்காரர் வாசலில் நிற்கும்போது 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள். எழுதியவர் கையில் கிடைத்தால் கடித்திருப்பேன்.

"அவ வருவாளாம்மா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"படிச்சுட்டு நீயே தெரிஞ்சுக்கோ" என்றாள்.

கதையின் முடிவைச் சொல்வது அம்மாவுக்குப் பெரிய பாவம். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை துணி காயப்போட்டபடி ஏதோ ஒரு கதையின் முடிவைச் சொல்ல வாயெடுத்தபோது, அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மே மாதம் அம்மாவுக்கு வயிற்றுவலி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் அப்பா என்னை மின்சார ரயிலில் கூட்டிப்போவார். டாக்டர் அப்பாவை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசுவார். திரும்பி வரும் அப்பா பிளாஸ்க்கைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பார். எனக்குப் பயமாக இருந்தது. என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

"எங்க வந்திருக்கே?" என்பாள் அம்மா, என்னைப் பார்த்ததும். ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தேன் என்பதல்ல, கதையில் எங்கே வந்திருக்கிறேன் என்பது கேள்வி. நான் அன்றைக்குப் படித்ததைச் சொல்வேன். கதையில் வரும் அக்கா புருஷனை நான் திட்டினால் சிரிப்பாள். சிரித்தால் வயிறு வலிக்கும், பிடித்துக்கொள்வாள். ஊசி, மாத்திரை, ஸ்கேன் பற்றி எங்களுக்குள் பேச்சே கிடையாது.

ஒரு மத்தியானம் கடைசித் தாளுக்கு வந்தேன். அதன் கீழ்ப்பாதி இல்லை. கத்தரியால் நேராக வெட்டியிருந்தது. மகள் வாசலுக்கு ஓடுகிறாள், அதற்குப் பிறகு பைண்டின் பின்னட்டை தெரிந்தது.

இந்த வேலையை யார் செய்திருப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அந்தப் பத்திரிகையை அம்மா பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரவல் கொடுப்பது வழக்கம். நேராகப் போய்க் கேட்டேன்.

"பின்னாடி நல்ல புள்ளிக்கோலம் ஒண்ணு போட்டிருந்தான்மா. உங்கம்மாவாண்ட கேட்டுட்டுத்தான் வெட்டினேன். நான் படிச்சுட்டேன், எடுத்துக்கோன்னாங்க" என்றார் அக்கா.

"அந்தத் தாள் எங்கக்கா?"

"மார்கழியோட நைஞ்சு பூட்ச்சும்மா."

"முடிவு என்னக்கா?"

அக்கா முறத்திலிருந்த அரிசியைக் கிளறினார். "ஞாபகம் இல்லம்மா. அம்மாவையே கேளேன்."

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். அவள் எப்போதும் போல 'நீயே தெரிஞ்சுக்கோ' என்று சொல்ல முடியாது, தாளே இல்லையே. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"வந்துடுவாடி. நல்ல மழை. ஏரி நிரம்பித் தெருவெல்லாம் தண்ணி. ஆட்டோக்காரன் உள்ள வரமாட்டேன்னுடுவான். அவ பையைத் தலையில வச்சுக்கிட்டு, புடவையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, நடந்தே வருவா. பொண்ணு முதல்ல யாரோன்னு நினைக்கும். அப்புறம் தண்ணில இறங்கி ஓடும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டு பேரும் தலை துவட்டிக்கிட்டு காப்பி குடிப்பாங்க. முற்றும்."

அப்பா எழுந்து வெளியே போனார்.

அதை அப்படியே அழகான கையெழுத்தில் எழுதி, மறுநாள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "காப்பியை விட்டுட்டியே" என்றாள். சேர்த்துக்கொண்டேன். மதுரைக் கதையில் எங்கள் தெரு ஏரித் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

பள்ளி திறப்பதற்கு முன்பே அம்மா இறந்துபோனாள்.

காரியமெல்லாம் முடிந்து நான் பள்ளிக்குப் போனபோது வகுப்பு மாறியிருந்தது, பக்கத்தில் உட்கார்ந்தவள் மாறியிருந்தாள், தமிழுக்கு மட்டும் அதே சார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால்தான் அது நிஜமாகும் என்பதுபோல ஒரு பிடிவாதம். சார் மேஜையில் நோட்டை வைத்துவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்து நோட்டு திரும்பி வந்தது. சாரும் அந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவராம். கதைச் சுருக்கத்துக்கு 'நன்று' போட்டிருந்தார். கடைசிப் பத்தியைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, 'முடிவு தவறு. தாய் திரும்பி வருவதில்லை' என்று எழுதியிருந்தார்.

எழுந்து நின்றேன். "அது தப்பில்ல சார். எங்கம்மா படிச்சிருக்காங்க. அவங்கதான் சொன்னாங்க."

"வாசலுக்கு வர்றது தந்திம்மா. பம்பாயிலயே செத்துப் போயிடுறா. அம்மாவுக்கு மறந்திருக்கும். போய் இன்னொரு தடவை கேட்டு எழுதிக்கிட்டு வா."

நான் நின்றுகொண்டே இருந்தேன். முன் பெஞ்சில் இருந்த, எங்கள் தெருப் பெண் ஒருத்தி எழுந்துபோய் அவரிடம் மெல்ல ஏதோ சொன்னாள். சார் சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். அன்று அவர் பாடம் எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் பக்கத்து வீட்டில் போய் நின்றேன். யூனிபார்மைக்கூட மாற்றவில்லை.

"அக்கா, அந்தக் கதையில அவ வந்தாளா, இல்லையா?"

"வந்துட்டாம்மா. மழையில நனைஞ்சுகினு வந்தா. உங்கம்மா சொன்னதுதான் முடிவு" என்றார்.

"உங்களுக்கு ஞாபகம் இல்லேன்னீங்களே?"

அக்கா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அம்மா என்னிடம் சொன்ன முடிவை அக்காவிடம் யார் சொல்லிவைத்தார்கள் என்று அப்போது புரிந்தது. அம்மா தன் படுக்கைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அன்றுதான் நான் முதன்முதலாக வாய்விட்டு அழுதேன்.

அடுத்த நாள் சார் நோட்டைக் கேட்டு வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது அந்தச் சிவப்பு வரிகளின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. நல்ல மனிதர். ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எழுதியிருந்தது தெரிந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர். முனையில் ஒரு ஆட்டோ நின்று, உள்ளே வரமாட்டேன் என்று யாரையோ இறக்கிவிட்டது. சாரின் சிவப்பு மை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் நான் காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, வாசலில் போய் நின்றேன்.