பூ இல்லாத நாளுக்கு அஞ்சிய அக்கா

அக்காவுக்குப் பூப்பைத்தியம் என்றே அன்று குடும்பத்தில் என்னைத் தவிர எல்லோரும் நம்பினார்கள்.

மல்லாங்கிணற்றில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பெற்றோர் காட்டுவேலைக்குப் போன பகல்களில் தம்பி தங்கையரான எங்களை வளர்த்தார். நான் கல்லூரி வரை போனது அவர் விட்டுக்கொடுத்த படிப்பால்தான். மணமாகி நாரணாபுரம் வந்தார். அத்தானுக்குப் பட்டாசு ஆலையில் வெடிமருந்து அடைக்கும் வேலை.

மணமான முதல் ஆண்டில் ஆலையில் ஒரு வெடிவிபத்து. அன்று காலை விளையாட்டாக ஒரு மல்லிகையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போன அத்தான் காயமின்றித் திரும்பினார். மறுநாளிலிருந்து, வீட்டில் பூத்த ஒரு பூ இல்லாமல் அக்கா அவரை வெளியே அனுப்பியதில்லை. கடைப்பூ ஆகாது. காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார்.

ஆடி கழிந்தால் மல்லிகை ஓயும். "அதுக்கப்புறம் எது பூக்கும், தங்கச்சி? நீதான் புஸ்தகம் படிக்கியே" என்று கேட்பார். ரோஜா உப்புத்தண்ணீரில் கருகியது. பிறகு கரிசலையும் வெயிலையும் தாங்கும் துணைச்செடிகளாகத் தேடினோம். மல்லிகைப் பந்தலின் அரைநிழலில் கனகாம்பரம், ஓரத்தில் வாடாமல்லி, மழை முடியச் செவ்வந்தி, மார்கழிக்கு டிசம்பர் பூ, எல்லாம் பொய்த்தால் வேலியோரம் அரளி.

"ஆலைக்குப் போறீகளா, பொண்ணு பாக்கப் போறீகளா?" என்று பக்கத்து வீட்டு மதினி சீண்டுவார்.

"எம் பொண்டாட்டி கையில பூ வாங்காம நான் வாசப்படி தாண்ட முடியுமா?" என்பார் அத்தான்.

நான் அங்கே தங்கியிருந்த ஒரு முற்பகலில் தரை அதிர்ந்தது. புகை எழுந்த திசை அத்தானின் ஆலை. அக்கா செருப்பில்லாமல் ஓடினார், நான் பின்னால். வாயிலில் வெளியே விட்ட ஆட்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். காவலாளியின் மேசையில் ஒரு தட்டு. செல்பேசிகள், சாவிகள், பீடிக்கட்டுகளுக்கு நடுவே அன்று காலை கொடுத்த வாடாமல்லி கிடந்தது. அதைக் கண்டதும் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து அத்தான் வந்தார், உடம்பெல்லாம் வெள்ளைத் தூள் அப்பியிருக்க. வெடித்தது அடுத்த அறை. அங்கிருந்த இருவர் மீளவில்லை.

"இது ஏன் இங்கன கெடக்கு?" அக்கா பூவைக் காட்டினார்.

"பையில இருக்கது அம்புட்டையும் வாங்கி வச்சுட்டுத்தான் உள்ள விடுவாக. பூவுக்குன்னு தனிச் சட்டமா?"

"அப்ப இத்தன வருசமும் ஒத்தையிலயா உள்ள இருந்தீக?"

அதன்பின் அக்காவின் அச்சத்துக்குப் பற்றிக்கொள்ள எதுவுமே இல்லாமல் போயிற்று. ஆனாலும் மறுவாரம் வேலை தொடங்கியபோது பூவைப் பறித்துக் கொடுத்தார். நோயில் விழுந்த இந்த ஆண்டும், பேச்சு குழறிய நாளில் என்னிடம் கேட்டது, "செவ்வந்தி மொட்டு வச்சிருச்சா?"

அக்கா கண்மூடும் வரை அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிய மதினிக்கும், மருத்துவமனைக்கு அலைந்த ஆலைத் தோழர்களுக்கும், இருக்கன்குடி அம்மனுக்கு அவர் பேரில் நேர்ந்துகொண்ட உறவினருக்கும் கைகூப்புகிறோம்.

அத்தான் இப்போதும் அதே வேலைக்குத்தான் போகிறார். அவர் திரும்பும் வரை வாசலில் நிற்பதற்கு இனி அக்காவின் மகள் இருக்கிறாள்.