லிஃப்ட் நிற்காத மாடி

என் அண்ணிக்கு உட்காரத் தெரியாது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதிலேயே நின்றுகொண்டுதான் படிப்பார். ஒரு கையில் கரண்டி, மறு கையில் நாவல். பால் பொங்கி வழிந்தால் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுப்பை அணைப்பார். என் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பையை எடுத்துக்கொண்டு மறுபடி பால் வாங்கக் கிளம்பிவிடுவான். நான்தான் முணுமுணுப்பேன். நாத்தனார் என்று ஒருத்தி இருப்பது பிறகு எதற்கு?

ரொம்ப வருஷம் அண்ணி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். வருகிறவர்களின் மூக்கில் கனத்த ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துதா?" என்று கேட்க வேண்டும். கிட்டத்தில் எழுத்து தெரிகிறதா என்று படிக்கக் கொடுப்பதற்குக் கடையில் ஒரு அட்டை உண்டு. அதில் இருந்த நாலு வரிகளைக் கேட்டுக் கேட்டு அண்ணிக்குப் புளித்துப்போயிற்று. அட்டையை ஓரம்கட்டிவிட்டுத் தன் கைப்பையிலிருந்த நாவலை நீட்ட ஆரம்பித்தார். கண்ணைப் பரிசோதிக்க வந்தவர்கள் பாதி அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு, "அப்புறம் என்ன ஆச்சும்மா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். புதுக் கண்ணாடியோடு நாவலையும் இரவல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அப்படி வந்து ஒட்டிக்கொண்டவர்கள்தான் எங்கள் சனிக்கிழமைக் கூட்டம். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், தபால்காரர், இன்னும் இரண்டு மூன்று பேர். அண்ணியின் வால் பிடித்துக்கொண்டு நான். எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. நூலகத்தின் பின்னறையில், கிழிந்த புத்தகங்களுக்கு ஒட்டுப் போடுகிற மேசையைச் சுற்றி உட்காருவோம். பசை வாசனை தலையைச் சுற்றும். அங்கே யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "கையில என்ன?" என்றுதான் கேட்போம். அந்த வாரம் படித்துக்கொண்டிருப்பதைச் சொல்லவேண்டும். ஒன்றும் படிக்காதவர் "கை காலி" என்று ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொண்டால் போச்சு. "டீவி எப்படி ஓடுது?" என்று ஆளாளுக்கு வாரிவிடுவோம். நில அளவையர் ஒருவர் அடுத்தடுத்து கை காலி என்று சொல்லிவிட்டு, பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. அவரை அதிகம் கிண்டலடித்தது என் அண்ணிதான்.

போன வருஷம் என் அண்ணன் போய்விட்டான். "ஒரு டெஸ்டுதான், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவேன்" என்று சட்டையை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன், வீட்டுக்கு நடந்து வரவில்லை. நான் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். அண்ணி அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், போனவர்களுக்குச் செருப்பைத் தேடிக் கொடுத்தார். எனக்கு அது ஆறவே இல்லை. மனசா கல்லா என்றுகூட நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது நடை. நான் மாடியில் இருக்கிறேன், அண்ணி கீழே. பகல் முழுக்கச் செருப்புச் சத்தம் கேட்கும். சமையலறைக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் சமையலறைக்கும். அலமாரியைத் துடைப்பார், துடைத்ததையே துடைப்பார். குழாய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். எனக்கும் மேலே இருப்புக் கொள்ளாது. கீழே இறங்கி வந்தால் "எதுக்குடி வந்த?" என்பார். ஏறிப் போனால் "எங்கடி போயிட்ட?" என்று குரல் கொடுப்பார்.

அவர் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட் வைத்த பக்கத்திலேயே கிடந்தது. மூக்கை நுழைப்பது என் பிறவிக்குணம். அடுத்த வாரமும் பார்த்தேன், அதே பக்கம். கேட்டே விட்டேன்.

"கண்ணை ஒரு தடவை காட்டிட்டு வரலாமா அண்ணி?"

"என் கண்ணுக்கு என்னடி? அதோ சுவத்துல எறும்பு ஓடுது, தெரியுது. இதுல வரிதான் ஓட மாட்டேங்குது. முதல் வரி படிச்சுட்டு ரெண்டாவதுக்குப் போனா, முதல் வரி யாரு எழுதினதுன்னு இருக்கு."

"சனிக்கிழமை சொல்லிடுங்களேன். தப்பா நினைக்க மாட்டாங்க."

"நானா? கை காலின்னு நானா?" அண்ணி சமையலறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். "அந்த அறையில மட்டும்தான் நான் இன்னும் பழைய ஆளு. அதுவும் போச்சுன்னா நான் எங்கடி போவேன்?"

அந்தச் சனிக்கிழமை மேனேஜர் கேட்டார். "அம்மா, கையில என்ன?"

"ஒரு நாவல்" என்றார் அண்ணி. "லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தரப் பத்தி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் அப்படி ஒரு புத்தகம் கிடையாது.

"உயரமான கட்டடம். எல்லா மாடியிலயும் லிஃப்ட் நிக்குது, உச்சி மாடியில மட்டும் நிக்க மாட்டேங்குது. பொண்டாட்டி கட்டிக் குடுத்த கேரியரக் கீழயே வெச்சுட்டு, பத்து நிமிஷத்துல வந்துடறேன்னு பைய மாட்டிக்கிட்டுப் படியேறிப் போறார். போனவர் வரல. ஒண்ண சரி பண்ணா இன்னொண்ணு போயிடுது."

தபால்காரர் மேசைமேல் சாய்ந்துவிட்டார். "அடுத்தது எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்." வேறு யாரிடமோ இரவல் வாங்கியது, முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அண்ணி கயிறு திரித்தார். அறையை விட்டு வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "என்ன அண்ணி இது?" அவர் விறுவிறுவென்று நடந்தார். பின்னாலேயே ஓடி எனக்கு மூச்சு வாங்கியது.

வாராவாரம் கதை வளர்ந்தது. அந்த மனைவி தேடி வந்து கீழேயே காத்திருக்கிறாள். தினமும் கேரியரை லிஃப்டில் வைத்து அனுப்புகிறாள். அது காலியாகத் திரும்பி வருகிறது.

தபால்காரர் விடாக்கண்டன். "நிக்காத மாடிக்குக் கேரியர் எப்படிம்மா போகும்?"

"அதுக்கு ஒரு மாடி கீழ நிக்குமில்ல. எறங்கி வந்து எடுத்துப்பார்."

"அவ்வளவு தூரம் எறங்கினவரு அப்படியே வீட்டுக்கு எறங்கி வர வேண்டியதுதானே?"

அண்ணி பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "வேலை முடியலையே" என்றார். பிறகு, "கேரியர் கழுவி வருது. தண்ணி சொட்டக் கூடாதுன்னு உதறி, கவுத்து வெச்சு அனுப்புறார்" என்றார்.

என் அண்ணன்தான் அப்படி. ஆபீசிலேயே கேரியரைக் கழுவி, பை நனைந்துவிடும் என்று நாலு தரம் உதறி, கவிழ்த்து வைத்துக் கொண்டுவருவான். அதற்கப்புறம் கவனித்துக் கேட்டேன். மெக்கானிக் சாவியால் காது குடைந்தார். செய்தித்தாளை மடித்து மடித்து உள்ளங்கை அகலத்துக்குக் கொண்டுவந்துதான் படித்தார். எல்லாம் அவன்தான். எனக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமைக்காக வாரம் முழுக்கப் பறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அங்கே என் அண்ணன் உயிரோடு இருந்தான்.

எங்கள் மேனேஜருக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் "அது நான் அப்பவே படிச்சுட்டேன்" என்பார். இத்தனை வாரம் எப்படி வாயைக் கட்டிக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை. அன்றைக்கு அண்ணி கதையை எடுத்ததுமே கையை உயர்த்தினார்.

"இது எனக்குத் தெரிஞ்ச நாவல்தான். வேலையில சேர்ந்த புதுசுல படிச்சது. நல்ல எழுத்து, நடுவுல கொஞ்சம் இழுவை. முடிவச் சொல்லிடட்டுமா?"

"வேண்டாம் சார்" என்றார் தபால்காரர்.

மேனேஜர் நிறுத்துகிற ஆளா? "மெக்கானிக் மேலயே செத்துடறான். அதுவும் போன கொஞ்ச நாள்லயே. கீழ இருக்கற அந்தம்மாவுக்குத் தெரியாது. கேரியர அதுக்குக் கீழ் மாடியில குடியிருக்கறவன் சாப்பிட்டுட்டு, பாவம்னு கழுவி அனுப்பிட்டு இருக்கான்."

"சாகல!" என்று அண்ணி எழுந்துவிட்டார். பசைக் கிண்ணம் உருண்டது. "யாரு சொன்னா செத்துட்டார்னு? நீங்க எதப் படிச்சீங்க? அப்படி ஒரு புத்தகமே கிடையாது. நான் கட்டின கதை. என் கை காலி. அவர் போனதுலேர்ந்து ஒரு பக்கம் படிக்கல. போதுமா? எல்லாரும் சிரிங்க."

மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. "ஒருவேளை நான் படிச்சது வேற புத்தகமா இருக்கும்" என்று கைக்குட்டையைத் தேடினார். வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் அவரை ஓட்டியிருப்போம். அன்றைக்கு ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. நான் அண்ணியின் முழங்கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். வாசல்வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். இதோ போய்விடப் போகிறார், இனி இந்த அறைக்கு வரவேமாட்டார் என்று நினைத்தேன்.

தபால்காரர்தான் பேசினார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவராக. "கட்டின கதைன்னா இருக்கட்டும்மா. எனக்கு வாரம் பூரா அதே நினைப்பு. நீங்க சொல்லுங்க, அவரு எறங்கி வருவாரா மாட்டாரா?"

அண்ணி நின்றார். அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அழுகை அப்போதுதான் வந்தது, ஒரு வருஷத்து அழுகை. நானும் சேர்ந்து அழுதேன். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தபால்காரரிடம் சொன்னார்.

"வரமாட்டார். மேனேஜர் சரியாத்தான் படிச்சிருக்கார்."