இதைச் சேர்த்தால் எதை எடுப்பது

விக்ரோலியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் டீ போடுகிறேன். திங்கட்கிழமை மதியம் மீட்டிங் அறைக்கு டீ கொண்டு போவேன். அங்கே திரையில் மூன்று நாட்டு ஆட்களுக்கும் மூன்று கட்டங்கள்: போலந்து, வியட்நாம், நாங்கள். வாரத்து வேலைகளைச் சீட்டுகளாக மூன்று கட்டங்களிலும் போடுவார்கள்.

எங்கள் டீம் லீட் மாட்டுங்காத் தமிழர். எந்தச் சீட்டைக் காட்டினாலும் இந்தியில் "ஹோ ஜாயேகா", ஆகிவிடும் என்பார். திரையில் பேசும் போலந்துக்காரர் மட்டும் ஒன்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சீட்டு எங்கள் கட்டத்துக்கு வந்துவிடும்.

அவர் என்ன கேட்கிறார் என்று ஒருநாள் லீடிடம் கேட்டேன்.

"இதைச் சேர்த்தா எதை எடுக்கறதுன்னு கேக்கறான் அக்கா. வேற ஒண்ணுமில்லை."

அந்த மாதமே அட்மின் சார் என்னைக் கூப்பிட்டார். செம்பூர்த் தமிழர். செம்பூர் கிளையில் டீ போடும் அம்மா நின்றுவிட்டாராம். மூன்று மணிக்கு மேல் அங்கேயும் போய், ஏழு மணி வரை பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

தாராவியில் எங்கள் குழாயில் தண்ணீர் ஐந்து மணிக்கு வரும், ஆறு மணிக்கு நின்றுவிடும். வீட்டுக்காரர் உல்லாஸ்நகர் கடையிலிருந்து வர ஒன்பதாகும். நாலு மணி டீயைக் கொடுத்துவிட்டு ஓடினால்தான் பிடிக்க முடியும், நான் இல்லையென்றால் டிரம் காலி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரியவர்கள் முன்னால் தலையாட்டித்தான் பழக்கம்.

"இதச் சேத்தா எத எடுக்கணும் சார்?" என்றேன்.

"எதையும் எடுக்க வேண்டாம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

நகராமல் அங்கேயே நின்றேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார்.

"சரி, நீயே சொல்லு. எதை எடுக்கறது?"

"இங்க நாலு மணி டீ. அப்ப நான் செம்பூர்ல இருப்பேன்."

அவர் கண்ணாடிக் கதவு வழியே லீடையும் ஆட்களையும் பார்த்தார். போலந்து விட்ட வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தார்கள்.

"அதை எடுத்தா இவங்க எழுந்து போயிடுவாங்க" என்றார்.

என் முன்னாலேயே வேறொருவருக்கு போன் போட்டார். எங்கள் அலுவலகத்துக்கே காலையில் பெருக்க வருகிறவள், கோவண்டியில் இருக்கிறாள். செம்பூர் பக்கம்தானே, மதியத்துக்கு மேல் முடியுமா என்று இந்தியில் கேட்டார். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. கேட்டு முடிக்கும் முன்பே "ஹோ ஜாயேகா சாப்" என்றாள்.

அன்று ஐந்து மணிக்கு வீட்டில் இருந்தேன். தண்ணீர் ஐந்தேகாலுக்குத்தான் வந்தது. இரண்டு டிரம்மும் நிறைந்தன.

மறுநாள் காலையில் அவளைப் பார்த்தேன். டீ கொடுத்தேன். கோவண்டியில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கவில்லை.